நன்றி காட்டுவதில் தலைவர்கள் சறுக்கும் இடங்கள்

உண்மையாய் நின்றவர்களை நினைவில் வைத்து நன்றி காட்டியதில் தாவீதுக்கு இணையான ராஜா வேதாகமத்தில் அரிது. அதே தாவீது இந்த விஷயத்தில் மோசமாகச் சறுக்கியும் இருக்கிறார். சபையில் பொறுப்பில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் தவறு, முந்தைய தலைவருக்கு உண்மையாக இருந்தவர்களை ஓரங்கட்டுவது. தாவீதுக்கு முன் ராஜாவாக இருந்த சவுல் போரில் இறந்து, அவர் உடலை எதிரிகளான பெலிஸ்தர் பெத்சான் ஊர் மதிலில் தொங்கவிட்டபோது, யாபேஸ் ஊர் வீரர்கள் ராமுழுக்க நடந்துபோய் இறக்கிக்கொண்டு வந்து, எலும்புகளை அடக்கம் செய்து, 7 நாள் உபவாசம் இருந்தார்கள். அம்மோனியனாகிய நாகாஸிடமிருந்து தங்களைக் காப்பாற்றியவர் சவுல் என்பதை அவர்கள் மறக்கவில்லை. அந்தச் சவுல் தாவீதைக் கொல்லத் துரத்தியவர். ஆனாலும் எப்ரோனில் ராஜாவான கையோடு, தாவீது அவர்களுக்கு ஆள் அனுப்பி ஆசீர்வதித்தார். அதில் கொஞ்சம் அரசியலும் உண்டுதான்; யூதா கோத்திரத்தார் தன்னை ராஜாவாக்கியதையும் சேர்த்தே சொல்லி அனுப்பினார். அதனால் அந்தப் பாராட்டு பொய்யாகிவிடாது.

இரண்டாவதுதான் அதிகம் நடப்பது: ஒரு பக்கம் மட்டும் கேட்டு முடிவெடுப்பது. சவுலின் மகனும் தன் நண்பருமான யோனத்தானுக்குக் கொடுத்த வாக்குக்காக, இரண்டு கால்களும் முடமான அவர் மகன் மேவிபோசேத்தை லோதேபாரிலிருந்து வரவழைத்துத் தன் பந்தியிலேயே உட்காரவைத்தார் தாவீது. சவுலின் நிலம் முழுவதையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு, தனக்கு எதிராகக் கிளம்பிய மகன் அப்சலோமுக்குத் தப்பி தாவீது ஓடும் நேரத்தில், மேவிபோசேத்தின் வேலைக்காரன் சீபா 200 அப்பங்கள், திராட்சை வற்றல், ஒரு தோல்பை திராட்சரசம், கூடவே கழுதைகள் என்று கொண்டுவந்து நின்றான். ‘மேவிபோசேத் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமிலேயே இருந்துவிட்டார்’ என்றான். அவ்வளவுதான். விசாரணையே இல்லாமல் சொத்து முழுவதும் சீபாவுக்குப் போனது.

தாவீது திரும்பி வந்தபோது மேவிபோசேத் எதிர்கொண்டு வந்தார். ராஜா போன நாள் முதல் கால்களைப் பேணவில்லை, தாடியைத் திருத்தவில்லை, துணிகளை வெளுக்கவில்லை. யார் சொன்னது உண்மை என்று வேதம் நேரடியாகத் தீர்ப்பு சொல்வதில்லை. ஆனால் அந்தத் தாடியும் அழுக்குத் துணியும் ஒரே நாளில் வந்துவிடாது. தாவீதோ, ‘நிலத்தை இரண்டு பேரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள்’ என்று பேச்சை முடித்துவிட்டார். களைத்திருக்கும் நேரத்தில் கைநிறையக் கொண்டுவருகிறவன் பேச்சு இனிக்கத்தான் செய்யும். மறுபக்கத்தைக் கேட்டபிறகும் பாதியை மட்டும் சரிசெய்ததுதான் எனக்கு அதைவிட வருத்தம்.

ஒருவருக்கு என்ன வேண்டும் என்று கேட்காமல் கௌரவிப்பது இன்னொரு தவறு. பொன்னாடையும் கேடயமும் கொடுத்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்சலோமுக்குத் தப்பி ஓடித் தங்கிய மகனாயீம் ஊரில் தாவீதின் ஆட்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்தவர்களில் ஒருவர் 80 வயது பர்சிலா. எருசலேமில் வைத்துப் பராமரிக்கிறேன் என்று தாவீது அழைத்தார். ‘எனக்கு ருசியும் தெரியாது, பாட்டும் காதில் விழாது, என் ஊரிலேயே சாகிறேன், எனக்குப் பதிலாக இந்தக் கிம்காமைக் கூட்டிப் போங்கள்’ என்றார் பெரியவர். சரி, உமக்கு நல்லதாகப் படுவதையே அவனுக்குச் செய்கிறேன் என்று தாவீது விட்டுக்கொடுத்தார்.

ஒருவர் உண்மையாய் நிற்பதையே அவருக்கு எதிரான ஆயுதமாக்குவது எல்லாவற்றிலும் கொடியது. உடன் வீரர்கள் கூடாரத்தில் இருக்கும்போது தான் மட்டும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்ற தன் படைவீரர் உரியாவின் கையிலேயே, அவரைப் போரில் சாகவிடச் சொல்லும் கடிதத்தைக் கொடுத்தனுப்பியவரும் தாவீதுதான்.

கடைசியாக, நன்றிக்கடன் தலைவரோடு போய்விட விடுவது. பிற்காலத்து யூதா ராஜா யோவாசை, குழந்தையாக இருந்தபோது ஆலயத்தில் 6 வருஷம் ஒளித்துவைத்து, 7 வயதில் ராஜாவாக்கியது ஆசாரியர் யோய்தாவின் குடும்பம். யோய்தா இறந்தபின், அவர் மகன் சகரியாவை ஆலயப் பிராகாரத்திலேயே கல்லெறிந்து கொல்லச் சொன்னார் அதே யோவாஸ். தாவீது இந்த இடத்தில் கவனமாக இருந்தார். மரணப் படுக்கையில், தனக்குப்பின் ராஜாவான மகன் சாலொமோனிடம், பர்சிலாவின் மகன்களுக்குப் பந்தியில் இடம் கொடு என்று பெயர் சொல்லி ஒப்படைத்தார். பொறுப்பைக் கைமாற்றும்போது கணக்கு நோட்டோடும் சாவியோடும் அந்தப் பெயர்களையும் எழுதிக் கொடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அது தானாகத் தெரிய வாய்ப்பில்லை.