கெமிக்கல் பிளான்ட் ஆபரேட்டர்: சம்பளத்திலும் பதவி உயர்விலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலியிலோ கடலூர் சிப்காட்டிலோ ஆஃபர் வந்ததும் பலரும் சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) தொகையோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வராது. அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வையுங்கள். கம்பெனி கட்டும் பி.எஃப். 1,500, கிராஜுவிட்டிக்கு 601, போனஸுக்கு 1,041 எல்லாம் அந்த 25,000-க்குள்தான் அடக்கம். உங்கள் பங்கு பி.எஃப். 1,500-ம் கழிந்தால் மிஞ்சுவது 20,358.

இதைவிடப் பெரிய ஓட்டை ஓ.டி.யில், அதாவது கூடுதல் நேர வேலைக்கான சம்பளத்தில். அடுத்த ஷிஃப்ட் ஆள் வராவிட்டால் ஓடுகிற ரியாக்டரை விட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஆகவே இந்த வேலையில் ஓ.டி. சில்லறைக் காசு அல்ல. சட்டப்படி இருமடங்கு. எதற்கு இருமடங்கு என்பதுதான் கேள்வி. வேறொரு உதாரணமாக, அடிப்படையும் ஓ.டி. கணக்கில் சேரும் அலவன்ஸும் சேர்ந்து மாதம் 20,800 என்றால், 26 நாள், 8 மணி நேரக் கணக்கில் மணிக்கு 100 ரூபாய், ஓ.டி. 200 வரவேண்டும். அடிப்படை 10,400-ஐ மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் அதே மணி நேரத்துக்கு 100 ரூபாய்தான். பெயருக்கு டபுள், கைக்கு சிங்கிள்! பே-ஸ்லிப்பில் மணிக்கணக்கும் ரேட்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்வு திறப்பது, சாம்பிள் எடுப்பது, டிரம்மில் உள்ள ரசாயனத்தை ரியாக்டரில் சேர்ப்பது என்று ஃபீல்டிலேயே ஐந்தாறு வருடம் கழிந்தால் சம்பளம் தேங்கிவிடும். பி.அண்ட்.ஐ.டி. வரைபடத்தோடு (குழாய்களையும் கருவிகளையும் காட்டுவது) லைன் லைனாக நடந்து பாருங்கள். ஸ்டார்ட்-அப், ஷட்-டவுன் நடக்கும் ஷிஃப்டில் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் பேனல் ஆபரேட்டர் பக்கத்தில் நில்லுங்கள். எந்த இன்டர்லாக் (ஆபத்து வந்தால் தானாக நிறுத்தும் பாதுகாப்பு அமைப்பு) ஏன் டிரிப் ஆனது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் டி.சி.எஸ். (பிளான்ட்டை இயக்கும் கணினிக் கட்டுப்பாடு) முன் உட்கார வைப்பார்கள்.

ஐ.டி.ஐ.யில் ஏ.ஓ.சி.பி. (கெமிக்கல் பிளான்ட் அட்டெண்டென்ட் ஆபரேட்டர் பிரிவு) முடித்தவர்கள், உதவித்தொகை குறைவு என்று அப்ரென்டிஸ்ஷிப்பைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரும் வழியும் இருக்கிறது. பாய்லர் அட்டெண்டென்ட் சான்றிதழ் தனி மதிப்பு.

வேலையை விடும்போது ‘ஆபரேட்டராகப் பணிபுரிந்தார்’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தோடு வராதீர்கள். பிளான்ட் பெயர், ரியாக்டர் கொள்ளளவு, பேட்ச்சா (தவணை தவணையாக) கன்டினியூவஸா (இடைவிடாமல்), எந்த டி.சி.எஸ். என்பதெல்லாம் இருக்கட்டும். கான்ட்ராக்டர் கொடுக்கும் கடிதத்தில் பிளான்ட் பெயரே விடுபடுவது வழக்கம். வளைகுடா இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் கேட்பார்கள். அங்கே அனுப்பும் ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், லட்சத்தில் பேசினால், வெளிநாட்டு வேலைக்கான அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய லைசென்ஸைச் சரிபார்த்துவிட்டு மேலே பேசுங்கள்.