சோளகக் காற்றும் சந்தைக் கூடையும்: கோடையில் வன்னிக்கு வருவோருக்கு

யூலை, ஓகஸ்ட் மாதங்களில் பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையோடு கனடாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வன்னிக்கு வரும் உறவுகள், கொழும்பின் புழுக்கத்துக்கு அஞ்சும் அளவுக்கு எங்கள் ஊர் வெயிலுக்கு அஞ்சுவதில்லை. அதற்குக் காரணம் காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று, வியர்வையைத் தோலில் நிற்கவிடாமல் உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. சட்டை நனையாததால் உடலும் நீரை இழக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு, 35 பாகை வெயிலில் நாள் முழுவதும் அலைந்துவிட்டு, மாலையில் தலையிடி என்று படுத்துவிடுகிறார்கள்.

என் அண்ணனின் மகனுக்கு அப்படித்தான் நேர்ந்தது. வந்து மூன்றாம் நாள், இரணைமடுக் குளக்கட்டில் காலை முதல் நின்றான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் அவனுக்குப் பிடிக்கவில்லை. இனிப்புச் சோடாவைத் தவிர வேறு எதுவும் குடிக்கவில்லை. நான்கு மணிக்கு வேப்பமரத்தடியில் சுருண்டு கிடந்தவனின் உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறக்க மறுத்தான். அம்மா தயிரைக் கடைந்து, உப்பும் தேசிப்புளியும் விட்டு, ஒரே மூச்சில் கொடுக்காமல் மிடறு மிடறாகப் பருக்கினார். ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தான். அன்றிலிருந்து, வருபவர்களை மறுநாள் காலையே சந்தைக்கு அழைத்துச் செல்வதை வழக்கமாக வைத்திருக்கிறேன்.

குளிர்நாட்டிலிருந்து வரும் உடல் இந்த வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரங்கள் எடுக்கும். ஆகவே முதல் வாரந்தான் கவனத்துக்குரியது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கியிருக்கும் என்பதால் அவர்களுக்கு நேரம் வைத்து நாம்தான் கொடுக்க வேண்டும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் போதுமான நீர் உள்ளே போகிறது என்று கொள்ளலாம். தேயிலைச் சாயம்போல் இருண்டால் போதவில்லை.

தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வன்னியின் பல இடங்களில் கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் வன்மையானவை; கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பே அதற்குச் சாட்சி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்புத்தன்மையோ புளோரைட்டோ போகாது. எனவே குடிப்பதற்குச் சுத்திகரித்த குடிநீரை வாங்கி வைத்திருப்பதே நல்லது. சுவை பிடிக்காமல் பிள்ளைகள் தண்ணீரைத் தவிர்ப்பதுதான் மிகப் பெரிய இடர். அந்த இடத்தைச் சோடாவால் நிரப்பாமல் பழங்களாலும் காய்களாலும் நிரப்புங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கிளிநொச்சிப் பொதுச்சந்தைக்கோ, முள்ளியவளை, புதுக்குடியிருப்புச் சந்தைகளுக்கோ காலை ஏழு மணிக்கு முன் போய்விடுங்கள். தோட்டத்திலிருந்து அப்போதுதான் இறங்கிய மரக்கறியில் நீர் இருக்கும்; பத்து மணி வெயிலில் கிடந்த கீரை வாடிவிடும். குளத்து நீர் பாயும் நிலங்களில் சிறுபோக காலத்தில் விளையும் கெக்கரிக்காயும் வத்தகப்பழமும் இந்த மாதங்களின் கொடை. கெக்கரிக்காயின் நிறையில் ஏறத்தாழ 95 வீதமும் வத்தகப்பழத்தில் ஏறத்தாழ 92 வீதமும் நீர்தான். வத்தகப்பழத்தைக் கையில் தூக்கிப் பாருங்கள். பருமனுக்கு மிஞ்சிய பாரம் இருக்க வேண்டும். நிலத்தில் படுத்திருந்த பக்கம் வெள்ளையாக இல்லாமல் வெண்ணெய் மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே முற்றியது என்று பொருள். முழுப்பழமாக வாங்கி, வீட்டில் தோலைக் கழுவிய பின்னர் வெட்டுங்கள். தெருவோரத்தில் வெட்டித் திறந்து வைத்திருக்கும் துண்டுகள் வேண்டாம்.

வெள்ளரிப்பழம் தனிக் கதை. பழுத்ததும் தானாகவே வெடித்துப் பிளக்கும் பழம் அது. அதனால் விற்கும் அம்மா அதைக் காய்ந்த வாழைச் சருகில் பொதிந்து, வாழைநாரால் இரண்டு சுற்றுக் கட்டி, கைக்குழந்தையைத் தருவதுபோல் இரு கைகளாலும் தருவார். முடிச்சை அவிழ்த்தால் மாவாய்ப் பொலிந்த வெண்மையான சதை. அதன் வாசனை அறை முழுவதும் பரவும். விதையை வழித்துவிட்டுச் சர்க்கரையும் புதிதாகப் பிழிந்த தேங்காய்ப்பாலும் சேர்த்து அன்றைக்கே உண்ண வேண்டும். மறுநாளுக்கு அது நிற்காது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை ஒருமுறையாவது ஊட்டிவிடுங்கள்.

வைகாசி, ஆனியில் வருவோருக்கு நுங்கும் பாலைப்பழமும் கிடைக்கும். பாலைப்பழத்தை ஏ9 வீதியோரத்தில் மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் சுண்டு என்னும் அளவையால் அளந்து விற்பார்கள். தேன்போல் இனிக்கும், ஆனால் அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும், சிறிது தேங்காயெண்ணெய் தடவினால் விடும். அது இனிப்புப் பழமே தவிர நீர்ப்பழம் அன்று. அதைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பழத்துக்காகக் கிளைகளையே வெட்டிக்கொண்டு வருவோரிடம் வாங்காதீர்கள். ஒரு பாலைமரம் வளர நம் ஆயுள் போதாது. நாமே பறிப்போம் என்று காட்டுக்குள் இறங்கவும் வேண்டாம். யானையும் கரடியும் ஒருபுறமிருக்க, வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி முடிவடையாத இடங்கள் இன்னும் உள்ளன. சிவப்பு எச்சரிக்கைப் பலகையைக் கண்டால் ஓரடியும் தாண்டக் கூடாது.

இளநீரைப் பற்றிப் பலருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை உண்டு. கண்முன்னே சீவிய இளநீர் தூய்மையானது, உடலுக்கு நல்லது; ஆயினும் அதில் பொற்றாசியமே மிகுதி, வியர்வையில் நாம் அதிகம் இழக்கும் சோடியம் குறைவு. வெயிலில் நன்றாக வியர்த்தவருக்கு உப்பிட்ட மோர்தான் பொருத்தம். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் இஞ்சி ஆகியவற்றை நசுக்கிப் போட்டு, உப்பும் தேசிப்புளியும் சேர்த்துச் செய்யும் எங்கள் மோருக்கு ஈடாக எந்தப் போத்தல் பானமும் இல்லை. அதில் விடும் தண்ணீர் ஆறவைத்த கொதிநீராக இருக்கட்டும். வெளியில் பழச்சாறு வாங்கினால் ஐஸ் போடாமல் கேளுங்கள். அந்தக் கட்டி எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று நமக்குத் தெரியாது.

சிறுநீரக நோய் உள்ளவர்களும், இரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளை எடுப்பவர்களும் இளநீர், வாழைப்பழம் போன்ற பொற்றாசியம் மிகுந்தவற்றை எவ்வளவு உண்ணலாம் என்று புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மோரின் உப்பைக் குறித்தும் அவ்வாறே. நீரிழிவு உள்ள அப்பா, அம்மாமார் பாலைப்பழத்தையும் சர்க்கரை சேர்த்த வெள்ளரிப்பழத்தையும் ஆசைக்குச் சிறிதளவோடு நிறுத்திக்கொண்டு கெக்கரிக்காய், மோர் என்று போகலாம். மதிய உணவில் புடலங்காய், பீர்க்கங்காய், நீத்துப்பூசணி என்று நீர்க்காய்களில் ஏதேனும் ஒரு பாற்கறி இருந்தால் அதுவும் நீர்தான்.

வயிற்றோட்டம் வந்துவிட்டால் கடையில் வாங்கும் ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் பொதியே சிறந்தது. அது கைவசம் இல்லையென்றால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். உப்பு அந்த அளவைத் தாண்டக் கூடாது. வெயிலில் நின்றவர் பேச்சுத் தடுமாறினாலோ, மயங்கினாலோ, உடல் நெருப்பாய்ச் சுட்டாலோ வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. நிழலுக்குத் தூக்கி, உடலெங்கும் நீரூற்றி விசிறியபடி 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கடைசியாக, பயணம். வட்டாப்பளை அம்மன் கோவிலுக்கோ மடு மாதா ஆலயத்துக்கோ போகும்போதும், கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வரும்போதும், வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று பெண்கள் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். இதை ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன், மனம் பொறுக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிறுத்துவது என்று சாரதியோடு புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்யுங்கள். நிறுத்தங்களை உரத்த குரலில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பிறகு, தோல் சீவாத கெக்கரிக்காய் நான்கைந்து, ஒரு சிறு கத்தி, கடதாசியில் மடித்த உப்பும் மிளகாய்த்தூளும், ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றைக் காலடியில் அல்ல, கைக்கெட்டும் இருக்கையில் வைத்துக்கொள்ளுங்கள்.