வாளியை உதைத்தவருக்கு என்ன ஆயிற்று? ஆங்கில மரபுத்தொடர்களைப் பழகும் வழி

மேடையேறப் போகும் நடிகரிடம் 'பிரேக் எ லெக்' என்பார்கள். காலை உடைத்துக்கொள் என்ற சாபம் அல்ல, வாழ்த்து. சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்தால் கிறுக்குத்தனமாகத் தெரியும் தொடர்கள் அன்றாட ஆங்கிலத்தில் ஏராளம். தமிழில் "கம்பி நீட்டிவிட்டான்" என்றால் நாம் கம்பியைத் தேடுகிறோமா என்ன?

படி 1: உறுத்தும் இடத்தில் நில்லுங்கள். 'அண்டர் த வெதர்' என்று ஒருவர் எழுதுகிறார். வானிலைக்குக் கீழே எப்படி இருப்பது? உடனே அகராதியைப் புரட்டாமல் அடுத்த வரியைப் படியுங்கள். 'இன்று வேலைக்கு வரவில்லை' என்றிருந்தால் விஷயம் விளங்கிவிடும்: உடம்பு சரியில்லை.

படி 2: அப்படியும் பிடிபடாவிட்டால் தொடரை முழுதாகத் தேடுங்கள். 'வெதர்' என்று மட்டும் தேடினால் வெயிலும் மழையும்தான் கிடைக்கும்.

படி 3: தொனியைக் கவனியுங்கள். பலரும் தாண்டிப்போகும் இடம் இதுதான். 'கிக் த பக்கெட்' (சொல்லுக்குச் சொல், வாளியை உதைத்தல்) என்றால் இறந்துபோதல் என்று நோட்டில் குறித்துக்கொண்டால் போதாது. அது "மண்டையைப் போட்டுவிட்டார்" என்பதற்கு நிகர். இரங்கல் கடிதத்தில் எழுதினால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. அங்கே 'பாஸ்டு அவே' என்பதே முறை. எனவே பொருளுக்குப் பக்கத்திலேயே, யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்றும் எழுதிவையுங்கள்.

படி 4: உருவத்தில் கை வைக்காதீர்கள். 'த பக்கெட் வாஸ் கிக்டு' என்று செயப்பாட்டுவினையாக்கினால் மரணம் மறைந்து வெறும் வாளிதான் உருளும். ஆனால் ரகசியத்தைப் போட்டு உடைப்பதைக் குறிக்கும் 'ஸ்பில் த பீன்ஸ்' கொஞ்சம் வளைந்துகொடுக்கும். 'த பீன்ஸ் வேர் ஸ்பில்டு' என்றாலும் செல்லும். இதற்கு விதி தேடி அலைய வேண்டாம், அகராதியின் உதாரண வாக்கியங்களே வழிகாட்டும்.

படி 5: பிறப்புக் கதைகளை அளவோடு நம்புங்கள். கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்ததால்தான் கொட்டும் மழையைக் குறிக்கும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தது என்பது இணையத்தில் சுற்றும் கட்டுக்கதை. 'ஸ்டீல் மை தண்டர்' கதைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. லண்டனின் ட்ரூரி லேன் அரங்கில் 1709இல் ஜான் டென்னிஸின் நாடகம் தோற்றது. அதற்காக அவர் உருவாக்கிய இடியோசை உத்தி பிறகு அங்கே வேறொரு நாடகத்தில் ஒலிக்க, "என் இடியைத் திருடிவிட்டார்கள்" என்று கொதித்தாராம். உங்கள் யோசனையைச் சக ஊழியர் தன்னுடையதுபோலக் கூட்டத்தில் எடுத்துவிடும் நாளில் இந்தத் தொடர் தானாகவே நாவில் வரும்.