கடைசிப் பத்துப் பக்கத்தில் கவிழும் நாவல்கள்

முந்நூறு பக்கம் தூக்கத்தைக் கெடுத்த அறிவியல் புனைகதை கடைசி அத்தியாயத்தில் சப்பென்று முடிந்தால் வயிறெரிகிறது. நம்பிக் கூடவே வந்த வாசகரை நடுவழியில் இறக்கிவிடுவது போலத்தான் அது. இத்தனைக்கும் பெரும்பாலும் தவிர்த்திருக்கக்கூடிய தவறுகள்தான்.

முதல் தவறு, கடைசியில் விதியை மாற்றுவது. நடந்ததை மாற்ற முடியாது என்று ஆரம்பத்தில் சொல்லிவிட்டு, நாயகனைக் காப்பாற்ற மட்டும் இறந்த காலத்தைத் திருத்தினால் வாசகர் விட்டுவிடுவாரா? இணைப் பிரபஞ்சமும், அதாவது நம்முடையதைப் போலவே பக்கத்தில் இருப்பதாகச் சொல்லும் இன்னொரு உலகமும், இப்போது நல்ல தப்பிக்கும் வழியாகிவிட்டது. 1957-இல் இயற்பியலாளர் ஹியூ எவரெட் முன்வைத்த கருத்துப்படி, ஒரு குவாண்டம் நிகழ்வில், அதாவது அணுவளவு நுண்ணிய நிகழ்வில், சாத்தியமான எல்லா விளைவுகளுமே நடக்கின்றன, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிளையில். ஆனால் ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ அதில் வழி இல்லை. உங்கள் கதையில் தாவலாம் என்றால் அது நீங்கள் போடும் விதி. அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், செத்தவர் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து கதவைத் தட்டும்போது, முன்பு அவருக்காக வாசகர் அழுத அழுகை வீணாகிவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அடுத்த தவறு: புதிரை அவிழ்த்துவிட்டு மனிதர்களை மறந்துவிடுவது. ஓர் அக்கா ஒளியின் வேகத்தில் 80 சதவீத வேகத்தில் பயணம் போய்த் திரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவ்வளவு வேகத்தில் போகிறவருக்கு நேரம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல். அதனால் பூமியில் 10 ஆண்டுகள் ஓடியிருக்கும், அவளுக்கோ 6 ஆண்டுகள்தான். மூன்று வயது இளையவளாக இருந்த தங்கை இப்போது ஒரு வயது மூத்தவள். இந்த இடத்தில் ஒரு விஞ்ஞானியைக் கொண்டுவந்து எட்டுப் பக்கத்துக்குச் சார்பியல் வகுப்பு எடுக்க வைக்கிறார்கள்! அந்தக் கணக்கை நடுவிலேயே சொல்லி முடித்திருக்கலாம். வாசல் கதவைத் திறந்த தங்கை அவளை இன்னும் 'அக்கா' என்று கூப்பிடுவாளா, ஒரு நொடி தயங்குவாளா? முடிவு அங்கேதான் இருக்கிறது.

எல்லாம் கனவு, எல்லாம் கணினிக்குள் ஓடிய மாய உலகம் என்று முடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பக்கத்திலிருந்தே அதற்கான தடயம் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

அப்புறம், திறந்த முடிவு என்பதற்காகப் பாதியில் நிறுத்துவது. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் லெம் 1961-இல் வெளியிட்ட 'சோலாரிஸ்' நாவலில், அந்தக் கிரகத்தை மூடியிருக்கும் கடல் உண்மையில் என்ன என்பது கடைசிவரை தெரியாது. ஆனாலும் நாவல் முழுமையாக முடிகிறது. இறந்துபோன மனைவியின் உருவில் அந்தக் கடல் அனுப்பியவளையும் இழந்துவிட்ட நாயகன் கெல்வின், அந்தக் கடலின் கரையில் இறங்கி நிற்கிறான். எதற்கென்று அவனுக்கே தெளிவாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் ஊர் திரும்பாமல் அங்கேயே காத்திருக்க முடிவெடுக்கிறான்.