அம்மப்பாவின் படைச் சேவையைத் தேடி எழுதுவது எப்படி: வழங்கல், போக்குவரத்து அணிகளில் இருந்தோரின் குடும்பங்களுக்கு

யாழ்ப்பாணத்துப் பல வீடுகளில், "அப்பப்பா உலக யுத்தத்தில் ஆமியில் இருந்தவர்" என்ற ஒரு வரி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அப்படிச் சென்றவர்களுள் பலர் துவக்குத் தூக்கியவர்கள் அல்லர். லொறி ஓட்டியவர்கள், களஞ்சியக் கணக்கு எழுதியவர்கள், பெற்றோல் பீப்பாய்களை எண்ணி ஏற்றியவர்கள். ஒரு படை முன்னேறுவதும் பட்டினியில் நிற்பதும் இவர்கள் கையில் இருந்தும், இவர்களுடைய கதைதான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது.

முதலில், அவர் எந்தப் படையில் இருந்தார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். இலங்கைத் தொண்டர் படை 1910இல் இலங்கைப் பாதுகாப்புப் படை என்று பெயர் மாறியது. அதன் ஓர் அங்கமான இலங்கை வழங்கல் போக்குவரத்துப் படையில் இருந்தவர்கள், தம் தொழிலைச் செய்துகொண்டே ஓய்வு நேரத்தில் பயிற்சி பெற்ற தொண்டர்கள். 1939 செப்டெம்பரில் பாதுகாப்புப் படை முழுநேரச் சேவைக்கு அழைக்கப்பட்டது. இதற்குப் புறம்பாக, பிரித்தானிய இராணுவத்தின் ரோயல் ஆமி சேர்விஸ் கோர் யுத்த காலத்தில் இங்கேயே ஆட்களைச் சேர்த்தது. உணவு, எரிபொருள், அவற்றைக் கொண்டு செல்லும் வாகனங்கள் ஆகியவை அதன் பொறுப்பு. வெடிமருந்தையும் அதன் லொறிகளே சுமந்தன. ஆனால் அதைக் களஞ்சியப்படுத்திக் காத்தது ஓட்னன்ஸ் கோர் என்ற வேறு படை. குடும்பக் கதைகளில் இவை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவதால், தேடுபவர்கள் தவறான காப்பகத்தின் கதவைத் தட்டுகிறார்கள்.

அடுத்து, றங்குப்பெட்டியைத் திறவுங்கள். பிரித்தானிய இராணுவத்தினருக்கு வழங்கப்பட்ட சிறிய சம்பளப் புத்தகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அதில் படை இலக்கம், தொழில், ஏற்றப்பட்ட தடுப்பூசிகள், நெருங்கிய உறவினர் பெயர் எல்லாம் இருக்கும். சேர்விஸ் கோர்க்காரரின் இலக்கத்துக்கு முன்னால் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தால் போக்குவரத்துப் பகுதி, 'எஸ்' (S) இருந்தால் வழங்கல் பகுதி. எங்கள் அம்மப்பாவை லொறிச் சாரதி என்றே வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தோம். புத்தகத்தை விரித்தபோது இலக்கத்தின் முன் 'எஸ்' என்றிருந்தது. தொழில் என்ற இடத்தில், மங்கிய மையில், லிகிதர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. அவர் லொறி ஓட்டியவர் அல்லர். அதில் ஏறிய மாவு மூட்டைகளுக்குக் கணக்கு வைத்தவர்.

பதக்கங்களைச் சாம்பலோ புளியோ போட்டு மினுக்க வேண்டாம். யுத்த காலத்துக்கான நட்சத்திரங்களிலும் பதக்கங்களிலும் இங்குள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆனால் தொண்டர் படையில் 12 ஆண்டுகள் திறமையாகச் சேவை செய்தோருக்கு வழங்கப்பட்ட 'எஃபிஷன்சி' பதக்கத்தின் விளிம்பில் பெயரும், மேற்பட்டையில் 'சிலோன்' என்ற சொல்லும் இருக்கும். அந்த விளிம்பு எழுத்தே தேய்ந்துவிட்டால் மீட்க வழியில்லை. யுத்தச் சேவை இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டதால், 12 ஆண்டு என்பதை அப்படியே பின்னோக்கி எண்ணி அவர் சேர்ந்த ஆண்டைத் தீர்மானித்துவிடாதீர்கள்.

பெட்டியே இல்லாத வீடுகளும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தோம். சீருடைப் படம் வீட்டில் இருப்பதே ஆபத்து என்று அஞ்சி அழித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் தேட வேண்டியது அந்தியேட்டிக் கல்வெட்டு. முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுத்த அந்தச் சிறு நூலின் வாழ்க்கைக் குறிப்பில், படைச் சேவை ஒரே வரியில் வந்து போயிருக்கும். அந்த வரியில் ஊரோ ஆண்டோ இருந்தால் போதும். ஒரு பிரதி கனடாவிலோ லண்டனிலோ உள்ள உறவினர் வீட்டில் இருக்கக்கூடும். 'நூலகம்' என்ற பெயரிலுள்ள எண்ணிம ஆவண இணையத்தளத்திலும் இத்தகைய நினைவு மலர்களும் 'ஈழகேசரி' போன்ற பழைய பத்திரிகைகளும் எண்ணிமப்படுத்தப்பட்டுள்ளன.

படைப்பிரிவின் பெயர் கிடைத்த பின்னரே லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். 115 ஆண்டுகளுக்குள் பிறந்த ஒருவரின் சேவைப் பதிவைக் கேட்பதற்கு இறப்புச் சான்றிதழ் தேவை. அதைவிட வளமானது யுத்த நாட்குறிப்பு. ஒவ்வோர் அணியும் எங்கிருந்து எங்கு நகர்ந்தது, என்ன செய்தது என்பதை நாள்வாரியாக அதில் எழுதினார்கள். தென்கிழக்காசியாவுக்கு உரியவை 'டபிள்யூஓ 172' என்ற தொகுப்பிலும், மத்திய கிழக்குக்கு உரியவை 'டபிள்யூஓ 169' என்ற தொகுப்பிலும் உள்ளன. தொண்டர் படையினரைப் பற்றித் தேடுவோர், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

எழுதும்போது பெயர் மாற்றங்களை மனத்தில் கொள்ளுங்கள். 1949இல் இலங்கை இராணுவம் நிறுவப்பட்டது. பிரித்தானியாவில் சேர்விஸ் கோர் 1965இல் கலைந்து போக்குவரத்துக்கெனத் தனிப்படை உருவாகி, 1993இல் அது ரோயல் லொஜிஸ்டிக் கோரில் இணைந்தது. அம்மப்பாவின் காலத்துப் பெயரையே எழுதுங்கள். லிகிதரைக் கப்டன் ஆக்காதீர்கள். எழுதி முடித்ததும் சம்பளப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுப் பக்கங்கள் உட்பட, படமெடுத்து இரண்டு நாடுகளில் இரண்டு உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.