ரெய்டில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுப்பது

ரெய்டு என்பது பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு. அதிலிருந்து கழற்றிய டிஸ்க்கை வெறுமனே ஃபார்மேட் செய்து மாட்டினால் போதாது. லினக்ஸ் மெஷின் பூட் ஆகும்போது அதைப் பழைய ரெய்டின் துண்டென்று எண்ணி எம்டி127 என்ற பெயரில் கட்டிப்போடும். பார்ட்டிஷன் போடப் போனால் ‘பிஸி’ என்று பதில் வரும். பழைய ரெய்டின் முத்திரை டிஸ்க்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். லினக்ஸில் ரெய்டை அமைக்கும் எம்டிஆட்மின் நிரலின் 1.2 வகை முத்திரை, தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி எழுதும். 0.90, 1.0 வகைகளும் இன்டெல் மதர்போர்டு ரெய்டும் கடைசியில் எழுதும். தலையை மட்டும் துடைத்துவிட்டு வாலை விட்டால் பேய் போகாது.

முதலில் இது அந்த டிஸ்க்தானா என்று உறுதிசெய்யுங்கள். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி பெயர்கள் ரீபூட்டில் இடம் மாறும். ஸ்டிக்கரில் உள்ள சீரியல் நம்பரை, டிஸ்க்கின் விவரங்களைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை காட்டுவதோடு ஒப்பிடுங்கள். மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றி வைத்தால் இன்னும் நிம்மதி.

அதே கட்டளை தரும் ஸ்மார்ட் பட்டியலில் (டிஸ்க் தன் உடல்நலத்தைத் தானே குறித்துவைப்பது) 5, 197, 198 மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 5 என்பது கெட்டு மாற்றப்பட்ட செக்டர்கள், 197 சந்தேகத்தில் நிற்பவை, 198 சோதனையில் சரிசெய்ய முடியாமல் போனவை.

இனி துடைப்பது. எம்டி127-ஐ ‘ஸ்டாப்’ செய்யுங்கள். பிறகு ரெய்டில் உறுப்பாக இருந்தது எதுவோ அதன்மேல் எம்டிஆட்மினின் ‘ஜீரோ-சூப்பர்பிளாக்’ ஓட்டுங்கள்; சூப்பர்பிளாக் என்பது அந்த முத்திரைதான். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: உறுப்பாக இருந்தது எஸ்டிபி1 பார்ட்டிஷன் என்றால், எஸ்டிபி மேல் மட்டும் ஓட்டினால் பலனில்லை. பார்ட்டிஷன் டேபிளை முதலில் அழித்துவிட்டு, புதிதாக அதே 2048-ஆம் செக்டரில் பார்ட்டிஷன் போட்டால் பழைய முத்திரை அப்படியே எழுந்து நிற்கும். ஆகவே முதலில் பார்ட்டிஷன், அப்புறம் முழு டிஸ்க். இரண்டிலும், மிச்சமுள்ள முத்திரைகளைத் துடைக்கும் வைப்எஃப்எஸ் கட்டளையை ‘ஆல்’ என்று கொடுத்து ஓட்டுங்கள்.

முத்திரை போனாலும் தகவல் போகாது. ரெய்டு 5-இல் ஒற்றை டிஸ்க்கை வைத்து யாரும் எதையும் படிக்க முடியாது என்பது தப்பு நம்பிக்கை. எம்டிஆட்மின் தகவலைப் பிரித்து டிஸ்க்குகளில் எழுதும் வழக்கமான துண்டு 512 கேபி. கோயில் சங்கத்தின் சந்தாப் பட்டியல் அதற்குள் முழுதாக அடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டமும் இருக்கிறது. டிஸ்க்கைக் கைமாற்றுவதானால் முழுக்கப் பூஜ்யம் எழுதுங்கள். 4 டிபி டிஸ்க் நொடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏறக்குறைய ஏழரை மணி நேரம் எடுக்கும். டர்பனோ ஜோபர்க்கோ, மின்வெட்டு ஏதும் அறிவித்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சர்வரிலிருந்து வந்த எஸ்ஏஎஸ் வகை டிஸ்க், சாதாரண கம்ப்யூட்டரின் சாட்டா போர்ட்டில் ஏறாது, அதை இணைக்கும் எச்பிஏ கார்டு வேண்டும். ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்ததென்றால் செக்டர் 520 பைட்டாக இருக்கலாம். எஸ்ஜி-ஃபார்மேட் என்ற கட்டளையில் 512 ஆக்கும் வரை பயன்படாது. அது ஓடும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான், யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள்.

முழுதும் எழுதிய பின் ஸ்மார்ட்டை மீண்டும் பாருங்கள். 197 பூஜ்யத்துக்கு இறங்கி, 5 ஏறாமல் இருந்தால் டிஸ்க் தேறியது. 5 ஏறியிருந்தால், தொலைந்தாலும் பரவாயில்லாத பைல்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.