எல்லாப் பாட்டிலுக்கும் ஆசிட் ஊற்றாதீர்கள்

போன மாதம் ராணிப்பேட்டை பக்கம் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் நிலத்தடி நீர் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கப் பார்க்க என் பழைய கூத்தை யாரோ திரும்ப ஆடுவது போலிருந்தது. பாட்டிலைக் கழுவு, பேர் எழுது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். தண்ணீரில் குரோமியம் தேடப் போகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் போட்டதும் பிடிப்பது

அது இரவெல்லாம் குழாயில் நின்ற தண்ணீர். மின்கடத்துதிறன் அளவு ஏறி இறங்காமல் நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

சின்டெக்ஸ் டேங்க் தண்ணீர்

வேண்டாம்.

ஒரே ஆசிட், எல்லாப் பாட்டிலுக்கும்

இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். மொத்தக் குரோமியம் பார்க்க நைட்ரிக் அமிலம் விட்டு பிஹெச் அளவை 2க்குக் கீழே இறக்குவோம். உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாது. ஆனால் ராணிப்பேட்டையில் தேடுவது பெரும்பாலும் ஹெக்சாவேலன்ட் குரோமியம், அதாவது குரோமியத்தின் அதிக நச்சுள்ள வடிவம். 1995இல் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு மலை சிப்காட் தொழிற்பேட்டையில் கிடக்கிறதே, அதன் விஷம் அதுதான். அதில் அமிலம் விழுந்தால், தண்ணீரிலுள்ள கரிமப்பொருளும் இரும்பும் சேர்ந்து அதை டிரைவேலன்ட் என்ற நச்சு குறைந்த வடிவமாக ஆக்கிவிடும். ஹெக்சாவேலன்ட் இருந்தால் லேப் சோதனையில் காட்டும் ஊதா நிறமே எழும்பாது.

என் முதல் கோடையில் பதினான்கு பாட்டிலை இப்படிக் கெடுத்தேன். ரிப்போர்ட் முழுக்க 'கண்டறியப்படவில்லை'. "மஞ்சளா வருது, மாடுகூட வாய் வைக்கல, ஒண்ணுமில்லன்னு எழுதிக்கினு வந்திருக்கியேப்பா" என்றார் கிணற்றுக்காரப் பெரியவர். அந்தக் காகிதத்தை அதற்குள் வேண்டாதவர்கள் நகல் எடுத்துவிட்டார்கள். இரண்டாவது ரிப்போர்ட்டை யாரும் நம்பவில்லை.

அங்கேயே வடிகட்டி, அமிலம் விடாமல், ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். முடியாதென்றால் அம்மோனியம் பஃபர் (பிஹெச்சை மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) விட்டு பிஹெச் 9.3 முதல் 9.7க்குள் நிறுத்தினால் 28 நாள் தாங்கும்.

டிடிஎஸ் மீட்டரை நம்புவது

அது தண்ணீரில் கரைந்த உப்பைச் சொல்லும். தோலை உப்பில் பதப்படுத்தி வைப்பதால் வாணியம்பாடி, ஆம்பூர் கிணறுகளில் அதற்கு வேலை உண்டு. குரோமியத்துக்கு இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அதைப்போல் பத்து மடங்கு இருந்தாலும் மீட்டர் அசையாது.

பாலாற்றுத் தண்ணீரோடு திரும்புவது

தோல் தொழிற்சாலைக் குரோமியம் பெரும்பாலும் வண்டலில் படிந்துவிடும். சேற்றையும் அள்ளுங்கள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருமுறை மட்டும்

சித்திரையிலும் போங்கள்.

அந்தப் பிள்ளைகள் ஆசிட் பாட்டில்களைப் பார்த்து, "கொட்டிடலாமா சார்?" என்றார்கள். மொத்தக் குரோமியத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். வெயில் ஏறுமுன் இன்னொரு வரிசை எடுக்க அதே கிணறுகளுக்குத் திரும்ப நடந்தோம்.